ரிசீவருக்கும் ஆம்புக்கும் நடுவே

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களிடமும் அதை விற்பவர்களிடமும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கருத்து எனக்குச் செரிக்காமலே இருந்தது. "தனி ஆம்ப் போடுங்க சார், ஸ்பீக்கர் அப்படியே திறந்துக்கும்" என்று சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் முதலில் கேட்டேன். ஆம்ப் என்பது ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குச் சமிக்ஞையைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்; ஹோம் தியேட்டரின் மையமான ரிசீவருக்குள்ளேயே அது உண்டு, தனியாகவும் வாங்கலாம். பிறகு வெவ்வேறு மனிதர்களிடமிருந்து ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டேன். சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைத்ததில்லை. ஆம்ப் மாற்றியவர்கள் ஏதோ ஒரு வேறுபாட்டை உண்மையாகவே உணர்ந்திருக்கிறார்கள். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் சிக்கல். "கரண்ட் நல்லா போகுது", "சவுண்டுல பாடி வருது" என்பதற்கு மேல் எவரும் விளக்குவதில்லை.

கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழிக்கு, 90 வாட் தரும் ரிசீவரை விட்டு 150 வாட் ஆம்புக்கு மாறினால் கூடுதலாகக் கிடைப்பது, ஒலியளவின் அலகான டெசிபலில், 2.2 மட்டுமே. ஒலி இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆம்பின் திறன் பத்து மடங்காக வேண்டும், அதாவது 90 வாட் 900 வாட் ஆக வேண்டும். வாட் என்ற எண்ணின்மேல் நமக்குள்ள மயக்கம் பழையது. கைக்கு அடக்கமான கணினி ஸ்பீக்கர்ப் பெட்டிகளில்கூட கண நேர உச்சத்தைக் காட்டும் பி.எம்.பி.ஓ. கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டு விற்ற காலத்தைப் பார்த்த தலைமுறை நாம். அமெரிக்காவில் இந்தக் கூத்துக்கு ஒரு வரம்பு கட்ட, ஆம்ப்ளிஃபையரின் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-லேயே விதி வகுத்துவிட்டது.

ஆனாலும் கணக்கை மட்டும் நீட்டி வாயடைப்பது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ரிசீவரின் விவரத் தாளில் உள்ள 90 வாட், பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்தது. ஐந்து அல்லது ஏழு சேனல்களும் ஒரே மின்மாற்றியிலிருந்து சாப்பிட வேண்டியிருக்கையில் அந்த எண் நிற்பதில்லை. மேலும், மின்தடை 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதும் இல்லை. சில இடங்களில் 4 ஓமுக்கு அருகே இறங்கிவிடும், அங்கே ஆம்ப் இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். எனவே தனி ஆம்புக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்படி இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டிருந்த ஐயம், சென்னையில் ஒரு நண்பரின் வீட்டு ஹாலில்தான் ஒரு முடிவுக்கு வந்தது.

அவருடையது ஐந்து ஸ்பீக்கரும், தாழ்சுரத்துக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்பு. முன்புறம் ஐந்து அங்குல வூஃபர் கொண்ட இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். டிவி யூனிட்டின் நடு அறைக்குள் செருகிய, வசனம் பெரும்பாலும் வரும் சென்டர் ஸ்பீக்கர். ஆசாரியிடம் சொல்லி அடித்த மூடிய பெட்டிக்குள் 12 அங்குல சப்வூஃபர், அதற்கென்று ஒரு பழைய ஆம்ப். அவருடைய குறை எல்லோருக்கும் உள்ள குறைதான்: படத்தில் வசனம் புரியவில்லை. வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியின் பின்னணி இசையில் ஹாலே அதிரும். உடனே குறைக்க வேண்டும். குறைத்ததும் மறுபடி வசனம் புரியாது. ரிமோட்டைக் கீழே வைக்காமலே ஒரு படத்தைப் பார்த்து முடிப்பார். கடையில் கேட்டதற்கு மேலே சொன்ன அதே பதில் வந்தது. இரண்டு சேனல் கொண்ட தனி ஆம்ப் ஒன்றை வாங்கி முன் ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தார். "வா, வந்து கேட்டுட்டுச் சொல்லு" என்று என்னை அழைத்தார்.

மல்டிமீட்டர் காட்டிய எண்

முதல் கேட்பில் புதிய ஆம்ப் தெளிவாகவே மேலானதாகத் தோன்றியது, எனக்கும்தான். அதை நம்பிவிடுவதற்கு முன் அளவைச் சமப்படுத்திப் பார்க்கலாம் என்றேன். ஒரே ஒலியை இரண்டு முறை கேட்கச் செய்து, ஒரு முறை மட்டும் ஒரு டெசிபல் கூட வைத்தால், பெரும்பாலோர் அது உரக்க இருப்பதாகச் சொல்லமாட்டார்கள். நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். 100 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ரிசீவர் தரும் ஏ.சி. வோல்டேஜையும் ஆம்ப் தரும் வோல்டேஜையும் ஒப்பிட்டோம். சாதாரண மல்டிமீட்டர்கள் மேல் அதிர்வெண்களில் சரியாக அளக்கா என்பதால் 100 ஹெர்ட்ஸைத் தேர்ந்தோம். ஆம்ப் ஒன்றரை டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தந்துகொண்டிருந்தது. அதன் குமிழைத் திருப்பி, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவரும்படி வைத்தோம். நண்பரின் மகன் எங்களுக்குத் தெரியாமல் கம்பிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தான். கம்பியை மாற்றும் நேரத்துக்குள் காதின் நினைவு மங்கிவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனாலும் அரை மணி நேரத்துக்கு முன் "திறந்துவிட்டது" என்று பட்ட ஒரு வேறுபாடு இப்போது இருவருக்கும் அடையாளம் தெரியாமல் போனதை அந்த ஆட்சேபம் மட்டும் விளக்கிவிடாது.

அதன் பிறகு செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மல்டிமீட்டரைச் சென்டர் ஸ்பீக்கரின் முனைகளுக்கு மாற்றி, நண்பர் வழக்கமாக வைக்கும் அளவிலேயே ஒரு படத்தின் உரையாடல் காட்சியை ஓடவிட்டோம். எண்கள் மேலும் கீழும் ஆடின. ஆனால் ஒரு வோல்டைத் தாண்டவில்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு வோல்ட் என்றால் 0.125 வாட். மல்டிமீட்டர் மெதுவானது, கண நேரத்து உச்சங்களை அது பிடிக்காது. சரி, உச்சம் சராசரியைவிட 15 டெசிபல் மேலே போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான்கு வாட்தான் ஆகிறது. 90 வாட்டில் புரியாத வசனம் 150 வாட்டில் புரியும் என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் உண்மையில் செலவானது அவ்வளவுதான். வசனத்துக்குத் திறன் ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை. அதன் மேல் வேறு ஏதோ விழுந்து மூடிக்கொண்டிருந்தது.

பதினாலடி ஹால்

நண்பரின் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. அறையின் நீளத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள அலை அந்த இரு சுவர்களுக்கும் இடையே நிலைகொண்டுவிடும். அந்தக் கணக்கின்படி நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57. மூன்றும் சப்வூஃபரின் எல்லைக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகின்றன. அளவுத்திருத்தம் செய்த யு.எஸ்.பி. மைக் ஒன்றையும், ஜான் மல்கஹி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளையும் கொண்டு சோபாவில் காது இருக்கும் உயரத்தில் அளந்தபோது, 41 ஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்தைவிட 11 டெசிபல் உயரமான ஒரு மேடு எழுந்து நின்றது. ஆம்ப் வாங்கும் முன் அளந்திருந்தாலும் அதே மேடுதான் வந்திருக்கும்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிறப்பு உண்டு. வட அமெரிக்க வழிகாட்டிகள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தச் சுவர் தாழ்ந்த அதிர்வெண்ணில் தானும் சற்று அதிர்ந்து கொஞ்சம் ஒலியை விழுங்கிக்கொள்ளும். செங்கல்லும் கான்கிரீட்டும் எதையும் விழுங்குவதில்லை. வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பும். அதனால் நம் ஹால்களில் மேடுகள் கூர்மையாகவும் உயரமாகவும் இருக்கும், ஒலி நின்ற பிறகும் அந்த ஒரு சுரம் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். போதாக்குறைக்கு நாம் சோபாவைப் பின் சுவரோடு ஒட்டிப் போடுகிறோம். சுவரோரம்தான் அந்த அலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம். சோபாவை ஓர் அடி முன்னே இழுங்கள் என்ற அறிவுரை, மேல் அதிர்வெண்களுக்கு நல்லதுதான்; 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், அதற்கு ஓர் அடி எந்த மூலைக்கு? சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோமுக்கும் இதே பதில்தான்.

உரத்த தாழ்சுரம் தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைக்கும் அளவுக்கு, மேலே உள்ளவை தாழ்சுரத்தை மறைப்பதில்லை. இது காதின் இயல்பு. பின்னணி இசையின் ஒவ்வொரு அடியும் 41 ஹெர்ட்ஸில் எழுந்து, ஓயாமல் நீண்டு, அடுத்த வசனத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். ஆம்ப் பெரிதாகிவிட்டதே என்று நண்பர் முன் ஸ்பீக்கர்களை ரிசீவரில் "லார்ஜ்" என்று மாற்றி வைத்திருந்தார். அதாவது தாழ்சுரத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் நீக்கப்பட்டுவிட்டது. ஒரே அளவு ஒலியைத் தர, 80 ஹெர்ட்ஸில் நகரும் தூரத்தைப் போல 40 ஹெர்ட்ஸில் நான்கு மடங்கு தூரம் கோன், அதாவது ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு, நகர வேண்டும். ஆம்ப் எவ்வளவு பெரிதானாலும் ஐந்து அங்குல வூஃபரின் பயண எல்லை ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டி.எச்.எக்ஸ். முறை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பச் சொல்வதன் பயன் இங்கேதான் தெரியும். ஹை-பாஸைத் திரும்ப 80-இல் வைத்ததும் முன் ஸ்பீக்கர்களின் திணறல் நின்றது. அதன் பின் அவற்றுக்கு ரிசீவரே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

மேட்டைக் குறைக்க, ரிசீவரின் சப்வூஃபர் வெளியீட்டுக்கும் அந்தப் பழைய ஆம்புக்கும் நடுவே, சமிக்ஞையை எண்ணாக்கித் திருத்தும் ஒரு டி.எஸ்.பி. பெட்டியை வைத்தோம். இரண்டு உள்ளீடும் நான்கு வெளியீடும் கொண்ட மினிடி.எஸ்.பி. அது, ஒவ்வொரு ஃபில்டரிலும் அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் நாமே அமைக்கலாம். 41 ஹெர்ட்ஸில், மேட்டின் அகலத்துக்குப் பொருந்தும்படி, 9 டெசிபல் வெட்டு ஒன்று. அறையின் இத்தகைய மேடுகளைச் சரியாகப் பொருந்தும் ஃபில்டரால் வெட்டும்போது, உயரம் குறைவதோடு இழுவையும் குறைகிறது என்பது இதன் அழகு. ஆம்புக்கும் லாபம்தான்: அந்த அதிர்வெண்ணில் அது தர வேண்டிய திறன் எட்டில் ஒரு பங்காகிவிட்டது. அதே வரைபடத்தில் 70 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமும் இருந்தது. நண்பர் அதையும் ஃபில்டர் போட்டு நிரப்பச் சொன்னார். நான் மறுத்தேன். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் விழும் பள்ளம் அது. அங்கே 10 டெசிபல் ஏற்றினால் ஆம்பிடம் பத்து மடங்கு திறனைக் கேட்கும், அழிக்கும் அலையும் அதே அளவு வளரும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

வாட் அல்ல, வழி

இந்த இடத்தில்தான் என் பழைய ஐயம் புரண்டு படுத்தது. சப்வூஃபரை இவ்வளவு எளிதாகத் திருத்த முடிந்ததற்குக் காரணம், ரிசீவருக்கும் அதன் ஆம்புக்கும் நடுவே ஒரு கம்பி வெளியே தெரிந்ததுதான். சென்டர் ஸ்பீக்கருக்கு அப்படி ஒரு கம்பி இல்லை. அதன் ஃபில்டர், ஆம்ப் எல்லாம் ரிசீவரின் வயிற்றுக்குள் இருக்கின்றன; ரிசீவரின் ஆம்பையே பயன்படுத்தும்வரை வெளியே வருவது ஸ்பீக்கர்க் கம்பி மட்டுமே. அந்த ஸ்பீக்கருக்கோ தனியாக ஒரு நோய் இருந்தது. டிவி யூனிட்டின் அறைக்குள் ஆழமாகத் தள்ளி வைத்திருந்ததால், அந்த மரப்பொந்து 140 ஹெர்ட்ஸ் அருகே ஓர் உருட்டலைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85-க்கும் 180-க்கும் இடையே இருப்பதால், பேசுபவர் குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுவது போலிருந்தது. ரிசீவரில் தானாக அளந்து திருத்தும் வசதி இருந்தது. ஆனால் இந்த ஓர் இடத்தை மட்டும் கையால் தொட அதில் வழியில்லை.

ஸ்பீக்கர்க் கம்பியிலேயே ஒரு ஃபில்டரைப் போட முடியாதா என்று நண்பர் கேட்டார். போடலாம், செலவைக் கேட்டால் தலை சுற்றும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் மிக எளிய, ஒற்றைப் படி ஃபில்டர் போடுவதற்கே சுமார் 250 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரோ, 16 மில்லிஹென்றி காயிலோ வேண்டும். அந்தக் காயில் கையில் கனக்கும் அளவு தாமிரம். அதன் மின்தடை ஸ்பீக்கரின் இயல்பையே மாற்றும். ஸ்பீக்கரின் ஓம் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்குவதால் ஃபில்டர் எண்ணிய இடத்தில் வெட்டவும் வெட்டாது. அதே ஃபில்டரை ஆம்புக்கு முன்னால், சமிக்ஞை சிறிதாக இருக்கும் இடத்தில் போட்டால், 10 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு 0.2 மைக்ரோஃபேரட் போதும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. 1976-இல் ஹியூலெட்-பேக்கர்டில் பணிபுரிந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் தங்கள் பெயரால் இன்று அறியப்படும், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பங்கிடும் கிராஸ்ஓவரை ஆம்புக்கு முன்னால் வைக்கும் ஃபில்டராகத்தான் முன்வைத்தார்கள். வெட்டுவதை ஆம்புக்கு முன்னால் செய், ஒவ்வொரு பங்குக்கும் தனி ஆம்ப் கொடு என்ற அந்த வழியில், தனி ஆம்ப் வருவது வாட்டுக்காக அன்று. ஃபில்டருக்கு இடம் வேண்டும் என்பதற்காக.

ஆக, நண்பரிடம் ஏற்கெனவே இருந்த ஆம்ப் தவறான வேலையில் அமர்த்தப்பட்ட நல்ல ஆள். முன் ஸ்பீக்கர்களை மறுபடி ரிசீவருக்கே கொடுத்தோம். புதிய ஆம்பின் ஒரு சேனல் சென்டருக்கு, மற்றது சப்வூஃபருக்கு. பழைய ஆம்புக்கு ஓய்வு. ரிசீவர் தன் ஆம்புக்கு முன்னாலேயே சமிக்ஞையை வெளியே தரும் சென்டர் ப்ரீ-அவுட்டும் சப்வூஃபர் வெளியீடும் மினிடி.எஸ்.பி.யின் இரண்டு உள்ளீடுகளுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆம்புக்குப் போயின. சென்டரை முதலில் பலகையின் விளிம்புக்கு இழுத்து வைத்தோம். கையால் நகர்த்தித் தீர்வதை ஃபில்டரிடம் கொண்டுபோகக் கூடாது. உருட்டலில் பாதி அதிலேயே போயிற்று. மீதிக்கு 140 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் வெட்டு. டி.எஸ்.பி. சமிக்ஞையைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதால், ரிசீவரில் சென்டரின் தூரத்தை உள்ளதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் என்ற கணக்கில் கூட்டினால், மற்ற ஸ்பீக்கர்கள் அதற்காகக் காத்திருக்கும். பலர் இதை விட்டுவிட்டு, "டி.எஸ்.பி. போட்டால் ஒலி கெடுகிறது" என்பார்கள்.

அன்று இரவு பார்த்த படத்தில் ரிமோட் மேசைமேலேயே கிடந்தது. வசனம் உரக்க ஆகவில்லை. மல்டிமீட்டர் அதே ஒரு வோல்டுக்குள்தான் ஆடிக்கொண்டிருந்தது. 150 வாட் ஆம்ப் இப்போதும் வசனத்துக்கு அரைக்கால் வாட்தான் தருகிறது. நண்பர் இதைப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு பெருசு எதுக்குப்பா?" என்றார். அவர் கேள்விக்கான பதில் மற்ற சேனலில் இருந்தது.

ஃபில்டர் கேட்கும் திறன்

வெட்டும் ஃபில்டர் ஆம்புக்கு மிச்சம் பிடித்துத் தரும். ஏற்றும் ஃபில்டர் செலவு வைக்கும். நண்பரின் சப்வூஃபர் மூடிய பெட்டி. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி அதிர்வெண் பாதியாகும் ஒவ்வோர் எண்மத்துக்கும் 12 டெசிபல் வீதம் சரிகிறது. இந்தச் சரிவை நிமிர்த்த லிங்க்விட்ஸ் பெயரிலேயே இன்னொரு ஃபில்டர் உண்டு, லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம். பெட்டி 50-இல் அன்றி 25 ஹெர்ட்ஸில் சரியத் தொடங்குவது போல அது மாற்றிக்காட்டும். விலை என்னவென்றால் 12 டெசிபல் ஏற்றம், அதாவது மிகத் தாழ்ந்த சுரங்களில் 16 மடங்கு திறன். கோனும் அதற்கேற்ற தூரம் நகர வேண்டும். படங்களின் தனித் தாழ்சுர சேனல், மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் உரக்க ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பழைய ஆம்பின் சிவப்பு விளக்கு ஏன் அடிக்கடி எரிந்தது என்பது விளங்கும். நண்பர் 25 என்று பிடிவாதம் பிடித்தார். நான் 32 என்றேன்: சுமார் 8 டெசிபல், ஆறு மடங்கு. 32-இல் நின்றோம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோனைக் காப்பாற்ற ஒரு ஹை-பாஸும் போட்டோம். ஹோம் தியேட்டரில் வாட்டுக்குக் கொடுத்த காசு உண்மையாகவே வேலை செய்யும் இடம் இதுதான். முன் ஸ்பீக்கர்கள் அல்ல.

இடையில் ஒரு தொல்லை வந்ததையும் சொல்லிவிட வேண்டும். புதிய இணைப்புகள் எல்லாம் முடிந்ததும் ஸ்பீக்கர்களில் ஓர் இரைச்சல், 50 ஹெர்ட்ஸ் ஹம். டி.எஸ்.பி.யில் 50-இல் ஒரு குறுகிய வெட்டுப் போட்டால் போய்விடாதா என்றார் நண்பர். அந்த ஹம் நுழைவது டி.எஸ்.பி.க்கும் ஆம்புக்கும் நடுவே உள்ள கம்பியில். முன்னால் இருக்கும் ஃபில்டர் பின்னால் நுழைவதை எப்படித் தடுக்கும்? செட்-டாப் பாக்ஸுக்கு வந்த கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது. அந்த வயர் வேறு எங்கோ ஓர் எர்த்தைச் சுமந்துகொண்டு வந்து, ஆம்பின் எர்த்தோடு ஒரு சுற்றை உண்டாக்கியிருந்தது. வயரில், எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் வைத்துச் சரிசெய்தோம். ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடச் சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். ஹம் அதில் நிற்கும் என்பது உண்மை; உள்ளே கசிவு ஏற்பட்டால் ஆம்பைத் தொட்டவர் கதி என்ன என்பதும் உண்மை.

இப்போது பேச்சு இரண்டாவது சப்வூஃபரைப் பற்றி. ஒலிக்கருவி தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி செய்த ஆய்வுகள், சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பதன் பயனைக் காட்டின. 41 ஹெர்ட்ஸ் நிலையலைக்கு முன் சுவரிலும் பின் சுவரிலும் அழுத்தம் நேரெதிராக இருப்பதால், இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளினால் அது எழவே எழாது. சோபாவில் எங்கே உட்கார்ந்தாலும் பலன் ஒன்றுதான். என் ஃபில்டரோ மைக் இருந்த ஓர் இருக்கைக்குத்தான் சரி. இதற்கு இன்னொரு சேனல் ஆம்ப் வேண்டும். வாங்கலாமா என்று நண்பர் கேட்டபோது நான் தயங்காமல் சரி என்றேன். சோபாவுக்குப் பின்னால் பெட்டிக்கு இடம் எங்கே என்பதை அவர் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டும். பெட்டி வந்து சேர்ந்தால், 41 ஹெர்ட்ஸ் வெட்டை முதலில் நீக்கிவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும். அந்த மேடு இல்லாத அறையில் அது வெறும் பள்ளம்.